கடல்பணியாளர்களும் மூளைக்காயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வணிகக் கப்பல்கள், இழுவைப் படகுகள், எண்ணெய் மற்றும் எரிவாயு மேடைகள், அவற்றுக்குப் பொருளும் ஆளும் கொண்டு செல்லும் கலங்கள் ஆகியவற்றில் பணிபுரிவோருக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் பொதுவாக எழும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கரையில் தலையில் அடிபட்டவர் சிறிது நேரத்திலேயே ஒரு மருத்துவமனையை அடைந்துவிடக்கூடும். நடுக்கடலிலோ முதல் பல மணி நேரம், சில சமயம் முதல் சில நாட்கள், சக பணியாளர்களின் கண்காணிப்பிலேயே கழிகின்றன. ஆகவே அந்த நேரத்தில் அவர்கள் எதைக் கவனித்தார்கள், எதை நேரத்தோடு எழுதி வைத்தார்கள் என்பதைப் பொறுத்தே சிகிச்சையும் பின்னர் வரும் இழப்பீடும் பெரும்பாலும் அமைகின்றன.

தலையில் ஏற்படும் எல்லா அடியும் மூளைக்காயம் ஆகுமா?

ஆகாது. உச்சந்தலைத் தோல் கிழிந்து இரத்தம் கொட்டினாலும் மூளை முற்றிலும் நலமாக இருக்கலாம். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டிருக்கவும் கூடும். வெளியிலிருந்து வந்த விசையால், அதாவது நேரடி அடியாலோ, திடீர்க் குலுக்கலாலோ, வெடிப்பின் அழுத்த அலையாலோ மூளையின் செயல்பாடு குலைவதையே மருத்துவர்கள் அதிர்ச்சிவழி மூளைக்காயம் என்று குறிப்பிடுகிறார்கள். அதன் கடுமையை அளவிட, 1974ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ள கிளாஸ்கோ கோமா அளவுகோல் பயன்படுகிறது. கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6 என மொத்தம் 15 புள்ளிகள். மிகக் குறைந்த அளவு 3. பதின்மூன்று முதல் பதினைந்து வரை லேசானது, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நடுத்தரமானது, எட்டும் அதற்குக் கீழும் கடுமையானது. 'லேசானது' என்ற வகைப்பாடு அந்த நேரத்து நினைவுநிலையை மட்டுமே சொல்கிறது. பின்விளைவுகளும் லேசாகவே இருக்கும் என்று அது உறுதியளிப்பதில்லை.

அடிபட்டவர் நினைவிழக்கவில்லை என்றால் கவலைப்பட வேண்டியதில்லை அல்லவா?

கப்பல்களில் மிகுதியாகக் காணப்படும் தவறான நம்பிக்கை இதுதான். மூளை அதிர்ச்சிக்கு, அதாவது லேசான மூளைக்காயத்துக்கு, உள்ளானவர்களில் பெரும்பாலோர் நினைவிழப்பதே இல்லை. குழப்பம், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, அடிபடுவதற்கு முன்னும் பின்னும் நடந்தவை மறந்துபோவது, தள்ளாட்டம், மங்கிய பார்வை, வெளிச்சத்தையும் இரைச்சலையும் தாங்க முடியாமை ஆகியவை நினைவிழப்பு இல்லாமலேயே தோன்றும்.

இதைவிட ஆபத்தான நிலை ஒன்று உண்டு. மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் இடையே தமனி கிழிந்து இரத்தம் சேரும்போது, நோயாளிகளில் ஒரு பகுதியினர் முதலில் தெளிவாகப் பேசுவார்கள், நடப்பார்கள், 'ஒன்றுமில்லை' என்று வேலைக்கும் திரும்புவார்கள். சில மணி நேரத்தில் தலைவலி கூடி, மயக்கம் வந்து, நிலை வேகமாகச் சரியும். அடிபட்டவரைத் தனி அறையில் படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். வயது கூடியவர்களிடமும் இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்களிடமும் வேறொரு வகைக் கசிவு, சிறிய அடிக்குப் பின்னும் மெதுவாகச் சேர்ந்து, சில வாரங்கள் கழித்தே வெளிப்படுவதுண்டு. அதற்குள் அவர் ஒப்பந்தம் முடிந்து வீடு திரும்பியிருக்கவும் கூடும்.

கடலில் இத்தகைய காயங்கள் எவ்வாறு நேர்கின்றன?

வழுக்கி விழுதலும் உயரத்திலிருந்து விழுதலும் எந்தப் பணியிடத்திலும் உள்ளவையே. ஆனால் கப்பலில் தளமே அசைகிறது, எண்ணெயும் உப்புநீரும் அதன்மேல் படிகின்றன, படிகள் செங்குத்தாக உள்ளன, விழும் இடமெல்லாம் எஃகாக இருக்கிறது. சரக்கறையின் ஏணியிலிருந்தோ துறைமுக வழிகாட்டி கப்பலில் ஏறும் பைலட் ஏணியிலிருந்தோ தவறுபவர் பல மீட்டர் கீழே விழுகிறார்.

கப்பலைத் துறையில் கட்டிவைக்கும் மூரிங் கயிறு அறுவது தனி வகை ஆபத்து. இழுவிசையில் இருக்கும் கயிறு, குறிப்பாக நீளும் தன்மையுள்ள செயற்கை இழைக்கயிறு, தனக்குள் பெருமளவு ஆற்றலைச் சேமித்து வைத்திருக்கும். அறுந்த கணத்தில் அது பின்னோக்கி வீசியடிக்கும் வேகத்தில் விலகி ஓட எவருக்கும் நேரம் கிடைப்பதில்லை. முன்பு அது வீசக்கூடிய பகுதியைத் தளத்தில் வண்ணம் பூசிக் குறிப்பது வழக்கமாக இருந்தது. ஆனால் குறிக்கப்பட்ட கோட்டுக்கு வெளியே நிற்பவர் தாம் பாதுகாப்பாக இருப்பதாக நம்பிவிடுகிறார். கயிறோ உருளைகளையும் கட்டுத்தூண்களையும் சுற்றிச் செல்லும்போது எத்திசையிலும் வீசக்கூடும். எனவே கயிறு இழுவிசையில் இருக்கும் வரை மூரிங் தளம் முழுவதையுமே ஆபத்துப் பகுதியாகக் கொள்வதுதான் முறை. மூரிங் ஏற்பாடுகளின் வடிவமைப்பு, பராமரிப்பு, கயிறு ஆய்வு ஆகியவை குறித்து, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு சோலாஸ் உடன்படிக்கையின் திருத்தப்பட்ட விதிகள் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன.

துளையிடும் மேடைகளில் மேலிருந்து விழும் பொருள்களும், குழாய்களைத் திருகும் கனத்த இடுக்கிகளின் வீச்சும், கிரேனில் ஊசலாடும் சுமையும், அழுத்தத்தில் இருக்கும் குழாய் திடீரென விடுபடுவதும் முதன்மைக் காரணங்கள். கலத்திலிருந்து மேடைக்கு ஆட்களைக் கூடையில் தூக்கும்போதும், ஹெலிகாப்டர் பயணத்தின்போதும் விபத்துகள் நேர்கின்றன. வெடிப்புகள் அரிது, ஆனால் நேர்ந்தால் ஒரே நேரத்தில் பலரைத் தாக்கும். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்தபோது 11 பேர் உயிரிழந்தார்கள். இத்தகைய வெடிப்பில் உயிர் பிழைத்தவர்களின் தீப்புண்ணும் எலும்பு முறிவும் உடனே கண்ணுக்குத் தெரியும். அழுத்த அலையால் மூளைக்கு நேர்ந்தது தெரியாது. அதைத் தேடிப் பரிசோதிக்க வேண்டும்.

தலைக்கவசம் அணிந்திருந்தும் மூளைக்காயம் ஏற்படுமா?

ஏற்படும், கணக்கிட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். தொழிலகத் தலைக்கவசங்களுக்கான ஐரோப்பியத் தரமான ஈ.என்.397, 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து கவசத்தின் உச்சியில் விழச் செய்து சோதிக்கிறது. அந்த மோதலின் ஆற்றல் ஏறத்தாழ 49 ஜூல். ஒரு கிலோ எடையுள்ள ஸ்பேனர் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அதன் ஆற்றல் சுமார் 98 ஜூல், அதாவது சோதனை அளவைப்போல் இருமடங்கு. துளையிடும் கோபுரங்கள் பத்து மீட்டரைவிட எவ்வளவோ உயரமானவை. உயரத்தில் பயன்படுத்தும் ஒவ்வொரு கருவிக்கும் பிணைப்புக் கயிறு இட வேண்டும் என்ற விதியைச் சிலர் அதிகப்படி என்று கருதுகிறார்கள். இந்தக் கணக்கைப் போட்டவர்கள் அப்படிக் கருத மாட்டார்கள்.

தவிரவும், தொழிலகக் கவசங்கள் முதன்மையாக மேலிருந்து விழும் பொருளைத் தடுக்கவே வடிவமைக்கப்பட்டவை. தலை பக்கவாட்டில் எஃகுச் சுவரில் மோதும்போதும், தலை சுழன்று மூளை உள்ளே முறுக்கப்படும்போதும் அவற்றின் பயன் குறைவு. தாடைப்பட்டை இல்லாத கவசம் விழும்போதே தனியே கழன்றுவிடும். கவசம் அணிவது இன்றியமையாதது; ஆனால் 'கவசம் அணிந்திருந்தார், எனவே மூளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது' என்ற முடிவுக்கு வருவது தவறு.

வாந்தியும் தலைசுற்றலும் கடல்நோயாக இருக்கலாமே? எப்படிப் பிரித்தறிவது?

இருக்கலாம், அதனால்தான் கடலில் மூளைக்காயம் எளிதில் தவறவிடப்படுகிறது. கடல்நோய், தூக்கமின்மை, எஞ்சின் அறையின் வெப்பம், மது ஆகிய ஒவ்வொன்றும் வாந்தி, தள்ளாட்டம், மந்தம், எரிச்சல் ஆகியவற்றை உண்டாக்கவல்லவை. தலையில் அடிபட்டது தெரிந்திருந்தால், அல்லது யாரும் பார்க்காத நிலையில் ஒருவர் விழுந்து கிடக்கக் கண்டால், வேறு காரணம் உறுதிப்படும்வரை மூளைக்காயம் என்றே கொள்ள வேண்டும். பல ஆண்டுகள் கடலில் இருந்தும் கடல்நோயே கண்டிராத ஒருவர், அடிபட்டபின் இரண்டு முறை வாந்தி எடுத்தால் அதை அலையின்மேல் பழிபோடக் கூடாது. மது வாடை வீசுவதாலேயே 'தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்' என்று முடிவு செய்வதும் அதே அளவு ஆபத்தானது.

விபத்து நிகழ்ந்தவுடன் கப்பலில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் இடம் பாதுகாப்பானதா என்று பார்க்க வேண்டும். மூடிய தொட்டிக்குள் விழுந்தவரைக் காக்க மூச்சுக்கருவி இல்லாமல் இறங்கி மீட்கச் சென்றவரே மடியும் நிகழ்வுகள் இன்றும் நடக்கின்றன. அடுத்து, கழுத்தெலும்பும் முறிந்திருக்கலாம் என்று கொண்டு தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மூச்சுப்பாதை அடைபடாமல் காப்பதும், ஆக்சிஜன் கொடுப்பதும், வேறெங்கேனும் பெருகும் இரத்தத்தை நிறுத்துவதும் மூளையைக் காக்கும் செயல்களே. அடிபட்ட மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தாலோ இரத்த அழுத்தம் வீழ்ந்தாலோ முதல் காயத்தின்மேல் இரண்டாவது காயம் சேர்கிறது. வாந்தி எடுத்தால் தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்குமாறு பலர் சேர்ந்து பக்கவாட்டில் திருப்ப வேண்டும். இரத்த அழுத்தம் வீழ்ந்த அதிர்ச்சி நிலையில் இல்லாதவருக்குக் கட்டிலின் தலைப்பக்கத்தை ஏறத்தாழ 30 பாகை உயர்த்தலாம். முதுகெலும்புக் காயம் ஐயமிருந்தால் உடலை வளைக்காமல் முழுப் படுக்கையையும் சாய்க்க வேண்டும்.

அதன்பின் தொடங்குவது கண்காணிப்பு. கிளாஸ்கோ புள்ளி, இரு கண்மணிகளின் அளவும் ஒளிக்கு அவை சுருங்கும் விதமும், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, கைகால்களின் வலிமை ஆகியவற்றைக் குறித்த இடைவெளிகளில் பார்த்து, நேரத்துடன் எழுத வேண்டும். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸின் வழிகாட்டுதல் மருத்துவமனைகளுக்குச் சொல்லும் முறை இது: புள்ளி 15ஐ எட்டும்வரை அரை மணிக்கு ஒருமுறை, எட்டிய பின் முதல் இரண்டு மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, அடுத்த நான்கு மணி நேரம் மணிக்கு ஒருமுறை, அதற்கு மேல் இரண்டு மணிக்கு ஒருமுறை. கப்பலுக்கும் இதுவே நல்ல அளவுகோல். ஒரு தனிப்பட்ட அளவைவிட அளவுகளின் போக்கே முக்கியம். காலை 10 மணிக்கு 15 ஆக இருந்தது 11 மணிக்கு 13 ஆனால், அந்த இரண்டு புள்ளிச் சரிவு மருத்துவரின் முடிவையே மாற்றிவிடும். முதல் குறிப்பு எழுதப்படாவிட்டால் அந்தச் சரிவு எவர் கண்ணுக்கும் தெரியாமல் போய்விடும்.

எந்த மருந்துகளைத் தவிர்க்க வேண்டும்?

ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன் போன்றவை இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும் என்பதால் தலைவலிக்கு அவற்றைக் கொடுக்கக் கூடாது; பாராசிட்டமால் கொடுக்கலாம். மார்ஃபின் மூச்சை மந்தமாக்கும், கண்மணியைச் சுருக்கி அறிகுறிகளை மறைக்கும். எனவே மருத்துவரின் ஆணையின்றி அதைத் தொடக் கூடாது. தூக்க மாத்திரைக்கும் இது பொருந்தும். மூளை வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஊசி போடும் பழைய வழக்கத்தை அடியோடு கைவிட வேண்டும். 2004இல் வெளியான கிராஷ் என்ற பெரிய ஆய்வு, தலைக்காயத்தில் அது இறப்பைக் கூட்டுவதைக் காட்டிவிட்டது. அதன் தொடர்ச்சியான கிராஷ்-3 ஆய்வு, லேசான மற்றும் நடுத்தரக் காயங்களில், இரத்தக்கசிவைக் குறைக்கும் மருந்தான டிரானெக்சாமிக் அமிலத்தை அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுப்பது பயனளிக்கலாம் என்று 2019இல் தெரிவித்தது. அந்த மருந்து கலத்தில் இருந்தால், ஆலோசனை கேட்கும்போது மருத்துவரிடம் அதை உடனே தெரிவிப்பது நல்லது.

கப்பலில் மருத்துவரே இல்லை. யாரிடம் கேட்பது?

பெரும்பாலான சரக்குக் கப்பல்களில் மருத்துவர் இருப்பதில்லை. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 100 அல்லது அதற்கு மேற்பட்டோரை ஏற்றி, மூன்று நாட்களுக்கு மேற்பட்ட பன்னாட்டுப் பயணம் செல்லும் கப்பல்களில் மட்டுமே தகுதிபெற்ற மருத்துவரைக் கட்டாயமாக்குகிறது. மற்றவற்றில் பயிற்சி பெற்ற ஓர் அதிகாரி அப்பொறுப்பை ஏற்கிறார். ஆனால் அதே உடன்படிக்கை, எக்கொடியின்கீழ் ஓடும் கப்பலுக்கும் வானொலி அல்லது செயற்கைக்கோள் வழியாக, சிறப்பு மருத்துவரின் கருத்து உள்பட, மருத்துவ ஆலோசனை 24 மணி நேரமும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்கிறது. ரோம் நகரில் 1935இல் நிறுவப்பட்ட சி.ஐ.ஆர்.எம். என்ற பன்னாட்டு வானொலி மருத்துவ மையம் இத்தகைய சேவைகளில் பழமையானவற்றுள் ஒன்று. நிலை மோசமான பிறகு அழைப்போம் என்று காத்திருக்க வேண்டாம். கப்பல் ஹெலிகாப்டரின் எல்லைக்குள் இருக்கும் நேரம் கைநழுவிப் போகலாம்.

கிளாஸ்கோ புள்ளி 15க்குக் கீழே நிற்பது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் விரிவது, கையோ காலோ தளர்வது, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிவது, இரு கண்களைச் சுற்றியோ காதுக்குப் பின்னோ கருமை படர்வது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் நோயாளியைக் கரைக்குக் கொண்டுசெல்வது பற்றிப் பேச வேண்டும். நாடி மெதுவாகி, இரத்த அழுத்தம் ஏறி, மூச்சு ஒழுங்கற்றுப் போவது மிகத் தாமதமான அறிகுறி. வான்வழியாகக் கொண்டு செல்லும் முன், மண்டையோட்டு முறிவு ஐயமிருந்தால் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்; உள்ளே புகுந்த காற்று உயரத்தில் விரிவடையும்.

சிடி ஸ்கேன் இயல்பாக உள்ளது என்கிறார்கள். ஆனாலும் அவர் பழையபடி இல்லையே?

சிடி ஸ்கேன், உடனடி அறுவை தேவைப்படும் இரத்தக்கசிவையும் முறிவையும் கண்டறியும் கருவி. மூளை முறுக்கப்படும்போது நரம்பிழைகளில் பரவலாக ஏற்படும் நுண்ணிய சேதத்தை அது பெரும்பாலும் காட்டுவதில்லை, எம்.ஆர்.ஐ. கூடுதலாகக் காட்டும், ஆனால் அதுவும் எல்லாவற்றையும் காட்டாது. ஸ்கேன் இயல்பு என்பதற்கு, இப்போது அறுவை தேவையில்லை என்று பொருள். மூளை நலமாக உள்ளது என்று பொருளல்ல. நினைவு, கவனம், முடிவெடுக்கும் வேகம் ஆகியவற்றை அளவிட நரம்பு உளவியல் பரிசோதனை என்று தனியே உண்டு. அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

எப்போது பணிக்குத் திரும்பலாம்?

லேசான காயமடைந்த பெரும்பாலோர் சில வாரங்களிலும், அதிகம் போனால் மூன்று மாதங்களுக்குள்ளும் தேறிவிடுகிறார்கள். முதல் ஓரிரு நாட்கள் ஓய்வு, அதன்பின் அறிகுறிகள் கூடாத அளவுக்குப் படிப்படியாகச் செயல்பாடு என்பதே இன்றைய முறை. வாரக்கணக்கில் இருட்டறையில் படுத்திருப்பது உதவுவதில்லை. ஆனால் கரையில் பொருந்தும் இந்த அட்டவணை கப்பலில் அப்படியே பொருந்துவதில்லை. தூக்கம் துண்டுபடுகிறது, இரைச்சலும் அதிர்வும் ஓய்வதில்லை, சமநிலை குலைந்த காதுக்கு அசையும் தளம் ஓயாத சோதனை. ஆறு பேர் வேலையை ஐந்து பேர் பார்க்கும் நெருக்கடியில், அடிபட்டவரே 'நான் வருகிறேன்' என்று முன்வருவார். கேப்டன் அதை ஏற்கக் கூடாது. முதல் காயம் ஆறுமுன் இரண்டாவது முறை தலையில் அடிபட்டால் விளைவு மிகக் கடுமையாகலாம். அதோடு, கவனம் சிதறிய ஒருவரைக் கப்பல் ஓட்டத்தைக் கண்காணிக்கும் காவல் (வாட்ச்) பணியிலோ கிரேன் இயக்கத்திலோ அமர்த்துவது மற்றவர்களுக்கும் ஆபத்து.

நடுத்தர, கடுமையான காயங்களுக்குப் பின் வலிப்பு வரும் வாய்ப்பு கணிசமானது. கடல்பணிக்கான மருத்துவத் தகுதிச் சான்று வழங்குபவர் இதைத்தான் முதலில் எடைபோடுவார். தற்காலிகத் தகுதியின்மையோ வரம்புக்குட்பட்ட பணியோ விதிக்கப்படலாம்.

வீடு திரும்பியவரிடம் குடும்பத்தினர் எதைக் கவனிக்க வேண்டும்?

காரணமில்லாத கோபம், பேச்சில் தடுமாற்றம், பணக்கணக்கில் தவறுகள், தூக்கம் மாறுவது, முன்பு விரும்பியவற்றில் நாட்டமின்மை. இவை குணக்கேடாகவோ நீண்ட பிரிவின் விளைவாகவோ தோன்றும். பாதிக்கப்பட்டவருக்கே அவை தெரியாமல் இருப்பது இக்காயத்தின் இயல்பு. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் மூளைக்காயத்துக்குப் பின் கூடுகின்றன என்பதால் அவற்றைப் பற்றி வெளிப்படையாகக் கேட்கத் தயங்க வேண்டாம். தேதியிட்டு எழுதப்பட்ட குடும்பத்தாரின் குறிப்புகள் மருத்துவருக்கு மிகவும் பயன்படும்.

நச்சுவாயு, ஆழ்மூழ்கல் ஆகியவற்றால் வரும் மூளைப் பாதிப்பும் இதில் அடங்குமா?

மருத்துவ வகைப்பாட்டில் அடங்காது. அவை ஆக்சிஜன் குறைவாலோ இரத்தக்குழாயில் வாயுக்குமிழி அடைப்பதாலோ வருபவை, சிகிச்சையும் வேறு. ஆனால் ஹைட்ரஜன் சல்பைடு தாக்கி மயங்கியவர் விழும்போது தலையும் அடிபடுவதால் இரண்டும் சேர்ந்தே வரலாம். இரண்டையும் சோதிக்க வேண்டும்.

கப்பல் உரிமையாளரின் பொறுப்புகள் யாவை?

2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறையில் உள்ள கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, பணியில் சேர்ந்த நாள் முதல் தாயகம் திரும்பும்வரை ஏற்படும் காயத்துக்கான மருத்துவச் செலவு, உணவு, தங்குமிடம் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. குணமாகும்வரை, அல்லது பாதிப்பு நிரந்தரமானது என அறிவிக்கப்படும்வரை அது தொடரும். ஆயினும் தேசியச் சட்டம் இதை 16 வாரங்களுக்குக் குறையாத காலத்துக்கு வரம்பிடலாம். மூளைக்காயத்தின் போக்கை வைத்துப் பார்த்தால் பதினாறு வாரம் போதாது என்பதே இங்கு கொள்ளும் கருத்து. நீண்டகால இயலாமை பல சமயங்களில் அதற்குப் பிறகே தெளிவாகிறது. அத்தகைய இயலாமைக்கும் இறப்புக்கும் உரிய இழப்பீட்டுக்கு நிதி உத்தரவாதம் வைத்திருப்பது 2017 ஜனவரி 18 முதல் கட்டாயம். அதன் சான்று கப்பலில் அனைவரும் காணுமிடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். மீன்பிடிக் கலங்களுக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது. அவற்றுக்கு 2007ஆம் ஆண்டின் தனி உடன்படிக்கை உண்டு. துளையிடும் மேடைகள் கப்பலாகக் கருதப்படுமா என்பது நாட்டுக்கு நாடு மாறுபடும்.

அமெரிக்கச் சட்டத்தின்கீழ் பணிபுரிவோருக்கு?

அங்கு பணியாளரின் வகையே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கலத்தின் பணியோடு உறுதியான தொடர்புடைய மாலுமி, 1920ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டத்தின்கீழ் தம்மைப் பணியமர்த்தியவரின் அலட்சியத்துக்காக வழக்குத் தொடரலாம். காலவரம்பு பொதுவாக 3 ஆண்டுகள். அலட்சியம் இருந்ததோ இல்லையோ, சிகிச்சையும் பராமரிப்புத் தொகையும் பெறும் பழைய கடல்சட்ட உரிமையும் அவருக்கு உண்டு. கடலடியில் ஊன்றப்பட்ட மேடையில் பணிபுரிபவர் பொதுவாக இந்த வகையில் வருவதில்லை; 1953ஆம் ஆண்டின் கண்டத்திட்டுச் சட்டம் வழியாக, 1927ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அவருக்குப் பொருந்துகிறது. அதில் 30 நாட்களுக்குள் காயத்தை அறிவிக்க வேண்டும், பொதுவாக ஓராண்டுக்குள் கோரிக்கை பதிய வேண்டும். ஆகவே எந்த வகை என்பதை ஒரு கடல்சட்ட வழக்கறிஞரிடம் தொடக்கத்திலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எந்த ஆவணங்களைப் பாதுகாக்க வேண்டும்?

விபத்து அறிக்கையின் நகல், கப்பல் நாட்குறிப்பில் அன்றைய பதிவு, கண்காணிப்புத் தாள், வானொலி ஆலோசனையின் பதிவு, உடனிருந்தவர்களின் பெயரும் வாக்குமூலமும், ஓய்வுநேரப் பதிவேடு, உடைந்த தலைக்கவசம், அறுந்த கயிற்றின் படம். அறிக்கையில் 'தலையில் சிறு அடி' என்று மட்டும் இருந்தால், குழப்பமும் மறதியும் வாந்தியும் இருந்ததைச் சேர்த்து எழுதுமாறு எழுத்துமூலம் கேட்க வேண்டும். கை முறிவு பெரிதாகத் தெரிந்ததால் தலையடி பதிவாகாமலே போன நேர்வுகளில், ஆறு மாதம் கழித்துத் தோன்றும் மறதியை அந்த விபத்தோடு இணைத்துக் காட்டுவது மிகக் கடினம்.

நிறுவனம் ஒரு தொகை தந்து, தீர்வு ஒப்புதலில் கையொப்பம் கேட்கிறது. இடலாமா?

அவசரப்பட வேண்டாம். நினைவும் தீர்மானிக்கும் திறனும் குன்றியிருக்கும் நிலையில் கையொப்பம் இடுவது பாதிக்கப்பட்டவருக்கே பாதகம். மருத்துவர் நிலைமை நிலைபெற்றுவிட்டதாகக் கூறும்வரை எதிர்காலச் செலவைக் கணிக்கவும் இயலாது. ஒப்பந்தத்தில் உள்ள இழப்பீட்டைவிடக் குறைந்த தொகையை ஏற்குமாறு வற்புறுத்தக் கூடாது என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. நீண்டகால இயலாமையின் அளவு உடனே தெரியாதபோது இடைக்காலத் தொகை வழங்க வேண்டும் என்றும் அதில் உள்ளது. எனவே 'முழுமையான, இறுதியான தீர்வு' என்ற தொடர் இருக்கும் தாளை வழக்கறிஞரிடமும் குடும்பத்தில் ஒருவரிடமும் காட்டுவதற்கு முன் கையொப்பமிடாமல், 'இடைக்காலத் தொகை' என்று குறிப்பிட்ட இரசீதைக் கேட்பதே சரியான பதில்.